எக்ஸ்ரே ரிப்போர்ட்டின் முதல் வரி

சால்வை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை சொல்லி, ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்? ஆனால் எக்ஸ்ரே பிரிவின் இளைய டாக்டர்கள் என்னைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். படத்தைக் கொடுத்தால் அதுவே ரிப்போர்ட்டை எழுதிவிடுமாம்.

எழுதியது. ஒரு நெஞ்சுப் படத்துக்கு ஒரு முழுப் பக்கம். மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறது, இதயத்தின் அளவு சரி, உதரவிதானம் சரி, விலா எலும்புகள் சரி என்று சரம் சரமாகப் போய், நடுவில் எங்கோ "வலது மேல்பகுதியில் ஒரு நிழல்" என்று சொல்லி, மறுபடியும் சரி, சரி, சரி.

"எப்படி மேடம் இருக்கு?" என்றாள் காயல்பட்டினத்துப் பெண்ணான டாக்டர் ஹமீதா. அவள் என்னிடம் கடைசியாக வேலை பழகியவள்.

"பாயசத்துல முந்திரிப்பருப்பு தேடுத மாதிரில்லா தேட வேண்டியிருக்கு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிழல் காசநோயாக இருந்தால் என்ன ஆகும்? புற்றாக இருந்தால்? அதைப் படத்தை அனுப்பிய டாக்டர் கண்ணில் படாத இடத்தில் எழுதி வைத்தால் எழுதாமல் விட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இருந்தவரைக்கும் முதல் வரி, முதல் வரின்னு எங்க உயிர எடுத்தீங்க. ஏன்னு சொல்லவே இல்லையே மேடம். எழுதியாவது குடுங்க" என்றாள் ஹமீதா. அதனால்தான் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருட்டறை, ஈர ஃபிலிம், பரீட்சை, தூக்கமின்மை. நிழலைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள், நன்றாகவே கற்றுக் கொடுத்தார்கள். பார்த்ததை யாருக்காக எழுதுகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் பலசரக்குக் கடைக்காரர் மகள். கடையில் வளர்ந்ததால் வாய் கொஞ்சம் நீளம், பட்டம் வாங்கியதும் இன்னும் நீண்டது. அந்த வாயோடுதான் டாக்டர் செலஸ்டினிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

செலஸ்டின் சார் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான, உயரமான மனிதர். முழுக்கைச் சட்டையின் பொத்தான் மணிக்கட்டில் எப்போதும் பூட்டியிருக்கும். உட்காரவே மாட்டார், நின்றபடியே படம் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சத்தம் போடும் மனிதரிடம் நாமும் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டுப் போகலாம். மெதுவாகப் பேசுபவரை என்ன செய்வது?

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டுகளிலிருந்து கைக்கு வந்த ஒன்றை உருவுவார். மேசை மேலிருந்த டெலிபோனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எண் எதையும் சுழற்ற மாட்டார். அப்படியே எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்.

"ஹலோ, நான் வேம்பார்ல இருந்து டாக்டர் பேசுதேன். எனக்கு முன்னால எட்டுப் பேர் நிக்காவ. ஒங்க ரிப்போர்ட் வந்திருக்கு. நான் இப்ப என்ன செய்யணும்?"

அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் உடனே பதில் சொல்ல வேண்டும், ஒரே மூச்சில். "மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறது" என்று ஆரம்பித்தால் போதும், டொக் என்று ரிசீவரை வைத்துவிடுவார். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் கிடையாது. ரிப்போர்ட் மேசையில் கிடக்கும். நாம் எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் நான் வாங்கிய டொக்குகளை எண்ணினால் மானம் போய்விடும்.

ஒரு நாள் மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் டாக்டருக்கு எழுதுதேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு இல்ல. முழுசா எழுதுனா முழுசாப் படிப்பாங்க" என்று கத்தியேவிட்டேன்.

அவர் ரிசீவரை மெதுவாக வைத்தார். "அப்படியா? நாளைக்குக் கீழவைப்பாருக்குப் போ. டாக்டர் பால்ராஜ் கிளினிக்குல ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டு வா" என்றார்.

கீழவைப்பாரில் பால்ராஜ் டாக்டரின் கிளினிக் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறை. வாசலிலிருந்து ரோடு வரை ஆட்கள். மீன் கூடையோடு வந்த பெண்கள், தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள், வலையில் கையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள். அந்தக் கரைக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். நோயாளிகளைப் பெற்ற பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார். நான் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒரு சங்கு குளிப்பவர் முழங்கால் வலி என்று வந்தார். அந்தக் கரையில் முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுபோய்விட்டது. ஆனால் சங்குக்காகக் கடலடிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் டியூப்பை வாயில் கவ்விக்கொண்டு, அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே கீழே இருப்பார்கள்.

"திரும்பவும் முங்குனியா? ஏலே, நான் என்ன சொன்னேன்? முங்காத, முங்காதன்னு தொண்டை கிழியச் சொன்னேன்லா? சவத்து மூதி, இனி முங்கிட்டு இங்கன வந்தா மருந்து கெடையாது, போ!"

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை வாங்கிப் போனார். அடுத்து வந்த நோயாளியின் கையில் எங்கள் ஆஸ்பத்திரி உறை. என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். பால்ராஜ் டாக்டர் ஒரு கையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே மறு கையால் தாளை உதறி விரித்தார். கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது. மடித்து மேசையில் போட்டார்.

"முழுசாப் படிக்கலையே சார்" என்றேன்.

"நடுவுல எழுதுனத எவம்மா படிப்பான்? வெளிய நிக்க கூட்டத்தப் பாத்தியா? அந்தக் கடைசி வரியிலயும் என்ன எழுதுதிய? 'நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்'. ஒப்பிட்டுப் பாக்கத் தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட அனுப்புதேன்?"

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. உறையிலிருந்து அவர் அனுப்பிய சீட்டை எடுத்து அவர் முன்னாலேயே நீட்டினேன். "நீங்க மட்டும் என்ன எழுதுதிய? 'நெஞ்சு எக்ஸ்ரே'. ரெண்டே வார்த்தை. ஆளு என்ன வேலை பாக்கான், எப்ப இருந்து வலி, ஒங்களுக்கு என்ன சந்தேகம், ஒண்ணும் கெடையாது. நாங்க என்ன மை போட்டா பாக்கோம்?"

கூட்டம் கப்பென்று அடங்கியது. அவரை எதிர்த்து ஒருவர் பேசி அவர்கள் கேட்டதில்லை போலும். பால்ராஜ் டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒங்க பெரியவர்ட்ட சொல்லு, சரியான ஆளாத்தான் அனுப்பியிருக்காருன்னு" என்றார்.

இப்படித்தான் எங்கள் பிரிவில் மாற்றம் வந்தது. கமிட்டியும் கிடையாது, மாநாடும் கிடையாது. செலஸ்டின் சார் எங்களை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு சொன்னார். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் முதல் வரியில் வர வேண்டும். அடுத்து என்ன செய்யலாம் என்பது அதை ஒட்டி வர வேண்டும். மிச்சமெல்லாம் கீழே. எக்ஸ்ரே சீட்டில் 'உங்கள் சந்தேகம் என்ன', 'நோயாளி பார்க்கும் வேலை' என்று இரண்டு இடம் புதிதாக அச்சடிக்கப்பட்டது. படத்தில் உயிருக்கு ஆபத்தானது ஏதாவது இருந்தால் ரிப்போர்ட் போய்ச் சேரும் வரை காத்திருக்கக் கூடாது. டெலிபோனில் சொல்ல வேண்டும். சொன்னதை அந்த டாக்டர் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் வாயால் கேட்ட பிறகுதான் ரிசீவரை வைக்கலாம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. "எங்களத் திரும்பச் சொல்லச் சொல்லுததுக்கு நாங்க என்ன எல்.கே.ஜி. பிள்ளைங்களா?" என்று டவுனில் பெரிய டாக்டர் ஒருவர் சீறினார். ஆஸ்பத்திரி நிர்வாகம், போன் பேசும் நேரத்தில் இன்னும் பத்துப் படம் பார்க்கலாமே என்று முகம் சுளித்தது. செலஸ்டின் சார் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "செய்து பாப்போம்."

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்தே ஒரு சங்கு குளிப்பவர் இடுப்பு வலிக்குப் படம் எடுக்க வந்தார். தொடை எலும்பின் பந்து போன்ற தலையில் திட்டுத் திட்டாக வெள்ளை பாய்ந்து செத்துக் கிடந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வருகிறவர்களுக்கு ரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகும். அவை எலும்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். இடுப்பும் தோளும்தான் முதலில் போகும். இவ்வளவு வலியோடு எப்படி இத்தனை காலம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"வலி கண்டா வீட்டுல கெடக்க மாட்டோம் டாக்டரம்மா. மறுநாளே திரும்ப எறங்கிருவோம். ஆழத்துக்குப் போனதும் வலி கழண்டு போயிரும். கடல் குடுத்தத கடல்தான் எடுக்கணும்" என்றார்.

அதில் பொய் இல்லை. ஆழத்தின் அழுத்தத்தில் குமிழ்கள் சுருங்கும், வலி விடும். எல்லாச் சங்குக்குளிக்காரர்களுக்கும் கைகண்ட வைத்தியம் அது. அவர்கள் அப்பாவும் அதைத்தான் செய்தார், மச்சானும் அதைத்தான் செய்கிறார்.

இனி சூசையின் கதை.

மாலையில் எடுத்த படங்களை மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று காலை நான் எடுத்த முதல் சீட்டு பால்ராஜ் டாக்டருடையது. கோணல் எழுத்து, ஆனால் எல்லா இடமும் நிரப்பியிருந்தார். சூசை, கீழவைப்பார். இடது நெஞ்சில் குத்தல். சந்தேகம்: தசைப்பிடிப்பா, நெஞ்சில் சளியா? வேலை: வலை.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இடது நுரையீரலின் உச்சியில் மயிரிழை போல ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே கன்னங்கரேலென்று வெறுமை. நுரையீரலில் எங்கோ சிறு ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் தங்கியிருக்கிறது. சிறியதுதான். உடனே பால்ராஜ் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"இடது பக்கம் காத்து கசிஞ்சிருக்கு சார். சின்னதுதான். ஆனா ஆளு நம்ம கண் முன்னால இருக்கணும். திரும்பச் சொல்லுங்க."

"இடது பக்கம் காத்து, சின்னது, கண் முன்னால இருக்கணும். போதுமா? வலைக்குப் போகாம படுன்னு சொல்லுதேன், சாயங்காலம் திரும்ப வரச் சொல்லுதேன்."

விதிப்படி என் வேலை முடிந்துவிட்டது. படத்தைக் கழற்றப் போனவள், ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் எலும்புகளைப் பற்றி எழுத வேண்டுமே என்று ஓரங்களைப் பார்த்தேன். நெஞ்சுப் படத்தின் மூலையில் தோள் மூட்டு கொஞ்சம் தெரியும். இடது தோளில் கை எலும்பின் தலை, மேல் விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளை வலை இழுப்பவன் தோளில் வருவதில்லை. சில வாரங்களுக்கு முன்னால்தான் அதே வெள்ளையை ஓர் இடுப்பில் பார்த்திருந்தேன். சூசை வலைக்காரன் இல்லை. முங்குகிறவன். வலி வந்தால் மறுநாளே இறங்குகிறவன்.

படத்தைத் தூக்கிக்கொண்டு செலஸ்டின் சார் அறைக்கு ஓடினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தோளைப் பார்த்தார், நுரையீரலைப் பார்த்தார். மேசைக்குப் போய் ரிசீவரை எடுத்தார். இந்த நேரத்திலும் எனக்குப் பாடமா என்று எரிச்சலோடு நின்றேன். அவர் பால்ராஜ் டாக்டரின் எண்ணைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தார். "பேசு."

"சார், சூசை சங்குக்கு முங்குதவரு."

"இல்லம்மா, வலைன்னுல்லா சொன்னான்."

"அவர் தோள் எலும்பு செத்துக் கெடக்கு. நீங்க திட்டுவீங்கன்னு வலைன்னு சொல்லியிருப்பாரு. வலியக் கழட்டணும்னு இன்னைக்கு முங்கப் போவாரு சார். போகவிடாதீங்க."

அந்தப் பக்கம் "ஐயையோ" என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பருத்த மனிதருடைய குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. சூசையின் வீட்டில் கேட்டுவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"போயிட்டான்மா. வலியக் கழட்டிட்டு வாரேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு விடிஞ்சதும் போயிட்டான். வள்ளத்துல அவனுக்குக் கயிறு பிடிக்கது அவன் மச்சான் ராயப்பன். நம்பர் சொல்லுதேன், நீ பேசு. நான் ஊசிய எடுத்துக்கிட்டு பைபர் போட் பாத்துட்டுப் போறேன்."

சூசைக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கீழே அழுத்தத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், வலி விட்டுப்போகும், கடல் குணப்படுத்திவிட்டது என்று அவர் சந்தோஷமாக இருப்பார். ஆனால் கம்ப்ரசர் காற்றை இழுக்க இழுக்க ஓட்டை வழியாக இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று உள்ளே சேரும். மேலே வரும்போது அத்தனையும் விரியும். நுரையீரலை நசுக்கும், இதயத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே செத்துப்போவார்.

ராயப்பனின் செல்போன் கிடைத்தது. தகரக் கூரையில் கல்மழை பெய்வது போல எஞ்சின் சத்தம்.

"சூசை மேல இருக்காரா, கீழ இருக்காரா?" என்று கத்தினேன்.

"உள்ள கெடக்காவ! யாரு பேசுதது?"

"ஆஸ்பத்திரி டாக்டர். சத்தம் கேக்கல அண்ணாச்சி, எஞ்சின நிறுத்துங்க!"

"நிறுத்துனா அவுகளுக்கு மூச்சுக் கெடையாதுல்லா!"

அந்த எஞ்சின்தான் கம்ப்ரசரை ஓட்டுகிறது. அந்தச் சத்தம்தான் சூசையின் உயிர்.

"அவருக்கு நெஞ்சுக்குள்ள ஆபத்து இருக்கு அண்ணாச்சி."

"ஆபத்தா? இந்தா இழுத்துருதேன்!"

"இழுக்காதீங்க! இழுத்தா செத்துருவாரு!"

செலஸ்டின் சார் என் பக்கத்தில் குனிந்து, "ரெண்டு வரி. அதுக்கு மேல சொல்லாத" என்றார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கயித்தத் தொடாதீங்க. பால்ராஜ் டாக்டர் வந்த பொறவு, நின்னு நின்னு, மெதுவா மேல வரட்டும். திரும்பச் சொல்லுங்க."

"கயித்தத் தொட மாட்டேன். டாக்டர் வந்த பொறவு மெதுவா." ராயப்பன் அழுதுகொண்டிருந்தார். "தொட்டா மேல வான்னு நெனச்சு வந்துருவாவ டாக்டரம்மா. தொட மாட்டேன். ஆனா சங்குப் பை நெறஞ்சா அவுகளே வந்துருவாவளே, நான் என்ன செய்வேன்?"

கீழே இருப்பவனுக்கு 'அங்கேயே இரு' என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. அன்று சங்கு கிடைக்கக் கூடாது, பை நிறையக் கூடாது என்று திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டேன். ஒருவன் தொழில் கெட வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டது அந்த ஒரு முறைதான்.

கொஞ்ச நேரத்தில் பால்ராஜ் டாக்டர் கூப்பிட்டார். காற்றும் அலையும் அவர் குரலைத் துண்டு துண்டாக்கின. "ஏம்மா, நெஞ்சுல ஊசி குத்துனது பயிற்சி டாக்டரா இருந்தப்போ. எங்கன குத்தணும், சொல்லு..." இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

"எழுது" என்றார் செலஸ்டின் சார். "மெசேஜ் போயிரும். அவர் கைல படம் இல்ல, புத்தகம் இல்ல. முதல் வரிய மட்டும்தான் படிக்க நேரம் இருக்கும்னு நெனச்சு எழுது."

செல்போனில் தட்டினேன். இடது பக்கம் என்று ஆரம்பித்தேன். காலர் எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, இரண்டாவது இடைவெளி, மூன்றாவது விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி. மேலே வந்து மூச்சுத் திணறினால் யோசிக்காமல் குத்துங்கள். காற்று சீறும், ஊசியை எடுக்காதீர்கள். செலஸ்டின் சார் என் தோளுக்கு மேலாக ஒருமுறை படித்தார், படத்தில் இடம், வலம் காட்டும் எழுத்துப் பொறித்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "அனுப்பு."

பதில் வந்தது: "இடது. ரெண்டாவது. எடுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. செலஸ்டின் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. வெளியே படங்கள் குவிந்தன. யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழ வேண்டும் போல இருந்தது, அவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் நான்தான் பாய்ந்து எடுத்தேன்.

"வந்துட்டான்மா" என்றார் பால்ராஜ் டாக்டர். பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. "நான் போய்ச் சேந்ததும்தான் ராயப்பன் கயித்தத் தொட்டான். நிறுத்தி நிறுத்தித்தான் கொண்டு வந்தோம். தலை வெளிய வந்ததும் என்னையப் பாத்து முழிக்கான். வலி விட்டுட்டு டாக்டர், திட்டாதியன்னு சிரிக்கான். வள்ளத்துல ஏத்தி உக்கார வச்சதும் உதடு கறுத்துப் போச்சும்மா. கழுத்து நரம்பு கயிறு மாதிரி பொடச்சிக்கிட்டு, கண்ணு செருகிட்டு..."

"எந்தப் பக்கம் குத்துனீங்க?"

"இடதும்மா, இடது! ஒரு கைல போன், ஒரு கைல ஊசி. உஸ்ஸுன்னு காத்து என் மூஞ்சில அடிச்சுது. மூச்சு வந்துட்டும்மா. மூச்சு வந்துட்டு." செலஸ்டின் சார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "பால்ராஜ், ஊசிய எடுத்துராத. அப்படியே இங்கன கொண்டு வா" என்று எப்போதும் போல மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து நின்று அடுத்த படத்தை எடுத்தார்.

சூசையை நான் நேரில் பார்த்தது வார்டில்தான். நெஞ்சில் குழாய், பக்கத்தில் ராயப்பன். நாற்பது வயதைத் தாண்டாத மனிதர், உப்புநீரில் செம்பட்டையேறிய தலை. பால்ராஜ் டாக்டர் தினமும் கீழவைப்பாரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துப் போனார். திட்டுவதை விட்டுவிட்டார். "நான் திட்டித் திட்டித்தான் இவன் வாய அடைச்சிட்டேன். இனி எவன் முங்குனாலும் எங்கிட்ட வந்து சொல்லட்டும், உக்கார வச்சு டீ வாங்கிக் குடுக்கேன்" என்றார். என்னைப் பார்த்ததும், "ஒங்க ரிப்போர்ட்ட முழுசா நான் படிச்சது அன்னைக்குக் கடல்லதான்மா. முன்னாடியெல்லாம் நடுவுல எழுதுனத எவன் படிச்சான்?" என்று சிரித்தார். சூசை கட்டிலில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலின் உச்சியில் பலூன் போல மெல்லிய கொப்புளங்கள், இரண்டு பக்கமும். அடுத்த முறை இறங்கினால் வலது பக்கமும் வெடிக்கலாம். ரிப்போர்ட்டை எழுதி நானே வார்டுக்கு எடுத்துப் போனேன். சூசைக்கும் ராயப்பனுக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் இன்னொரு தாளும் வேண்டியிருந்தது. 'முங்கலாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இனிக் கயிறு பிடிப்பேன் என்று ராயப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ராயப்பன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சூசை என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இனி எறங்கலாமான்னு எழுதிருக்கா டாக்டரம்மா?"

"எறங்கக் கூடாது அண்ணாச்சி. ஒருக்காலும் கூடாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பதினாறு வயசுல முங்க ஆரம்பிச்சேன். வலை பின்னத் தெரியாது. வலை இழுக்கவும் தோள் விடாது. கரையில நின்னு மீன் ஏலம் கூப்பிடத் தெரியாது. எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, கெஞ்சும் குரலில் கேட்டார்:

"டாக்டரம்மா, கூடாதுங்கத மட்டும் நடுவுல எங்கியாவது எழுதிருங்களேன். யாரும் படிக்காத எடம்னு டாக்டரே சொன்னாவல்லா?"

கட்டில் ஓரத்து மேசையில் வைத்துத் தமிழ்த் தாளை எழுதினேன். "சூசை இனி முங்கக் கூடாது, முங்கினால் உயிர் போகும்" என்று முதல் வரியில், ராயப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் தப்பாதபடி பெரிய எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை சூசையின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.